சொம்பில் பச்சையான பாசி

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரெபேக்காள் மேசைமேல் வைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸைப் பார்த்ததும் அதில் இட்லிதான் இருக்கும் என்று ரஞ்சித்குமார் முடிவு கட்டிவிட்டான். முடிவு கட்டுவதில் அவனுக்கு எப்போதும் அவசரம். மூடியைத் திறந்தால் உள்ளே ஈரமான பச்சைப் பாசி. அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து பிரபாவதிக்குச் சிரிப்பு வந்தது. வந்தவள் அழுகிற நிலையில் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்த ஒரு மாடியில் இருக்கிறது பிரபாவதியின் நீர்ப் பரிசோதனைக் கூடம். போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது அன்றாட வேலை. ஆனால் அவர் இருபது வருடம் கடற்பாசி ஆராய்ச்சியில் இருந்தவர். தண்ணீரில் புரியாத விவகாரம் எது என்றாலும் மதுராந்தகத்திலிருந்து முட்டுக்காடு வரை ஆட்கள் இந்த மாடிப்படியைத்தான் ஏறுகிறார்கள். ரஞ்சித்குமார் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் பத்து வருடம் தரம் பார்த்தவன். அது மூடிய பிறகு இங்கே உதவியாளன். இப்போதும் எதைப் பார்த்தாலும் ஓட்டை எங்கே என்றுதான் தேடுவான்.

"இது எங்க தெப்பத்துப் பாசி மேடம்," என்றாள் ரெபேக்காள். பிறகு துணிப்பையிலிருந்து கடல் தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஒன்றை எடுத்தாள். அதிலும் பச்சைப் பாசி மிதந்தது. "இது கரையில ஒதுங்கினது. ரெண்டும் ஒண்ணா, வேற வேறயான்னு சொல்லுங்க. நாளிக்கு சாயங்காலம் நாலு மணிக்குள்ள சொல்லுங்க. இல்லாங்காட்டி பதினாலு பொம்பளைங்க பொழப்பு அவ்ளோதான்."

"முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறம் ஆதியிலேர்ந்து சொல்லுங்க," என்றார் பிரபாவதி.

அவள் சொன்ன கதை இதுதான். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒத்தப்பனைக்குப்பம் என்று ஒரு மீனவர் ஊர். அதற்கு மேற்கே, சாலைக்கு அந்தப் பக்கம் ரெபேக்காளின் ஊர். அங்கே இருப்பவர்கள் அப்பன் பாட்டன் காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் பாதி, கட்டட வேலைக்குப் போகிறவர்கள் மீதி. ரெபேக்காளும் கம்பெனி பஸ் ஏறிக்கொண்டிருந்தவள்தான். ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊருக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்து, வேலையை விட்டுவிட்டு, மகளிர் குழுவைச் சேர்த்து இரண்டு வருடமாக, நல்ல விலைக்குப் போகிற கஞ்சிப்பாசி என்னும் கடற்பாசியை வளர்க்கிறாள். கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் மறைவில், அலை அடங்கிய இடத்தில், மூங்கில் தெப்பங்கள். தெப்பத்துக் கயிறுகளில் செங்கறுப்பு நிறத்தில் பாசி.

"மூணு வாரமா கரையெல்லாம் பச்சையா ஒதுங்குது மேடம். வலைய இழுத்தா மீனே காணோம், பச்சைதான் கீது. நாறுது. குப்பத்துக்காரங்க எங்களத்தான் கைகாட்றாங்க. உங்க பாசிதான் பிஞ்சு வந்து பச்சையாவுதுன்றாங்க. நேத்து மூணாவது வாட்டி ஒதுங்கிச்சு. நாங்க செவ்வாக்கிழம குழு கூட்டம் முடிச்சிட்டு வெளிய வர்றோம், வழக்கம்போல ஒரே கூச்சல். கோவத்துல பசங்க ஒரு தெப்பத்தோட கயித்தையே அறுத்து வுட்டானுங்க."

"செவப்புப் பாசி எப்பிடிக்கா பச்சையாவும்?" என்றான் ரஞ்சித்குமார். "கத வுடறாங்க. யாரோ பச்சைய அவங்களே கொண்டாந்து போட்டு..."

"கத இல்ல தம்பி." ரெபேக்காள் டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "என் கண்ணால பாத்தேன். போன ஞாயித்துக்கிழம ஊர்த் தலைவர் தேசிங்கு எங்க தெப்பத்துலேர்ந்து ஒரு கொத்து அறுத்தாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். செவப்புதான். அந்தக் குப்பத்துல ஒரு வழக்கம் கீது. சாட்சிப் பொருள்னு எது வந்தாலும் கங்கையம்மன் கோயில் சொம்புல நல்ல தண்ணி ஊத்தி, அதுல போட்டு அம்மன் முன்னால ஒரு ராவு வெப்பாங்க. ரெண்டு பக்கத்து ஆளும் கதவுக்கு ஆளுக்கொரு பூட்டுப் போடணும். நானும் ஒண்ணு போட்டேன். திங்கக்கிழம காலையில எல்லாருமா தொறந்தோம். பூட்டு ரெண்டும் அப்பிடியே கீது. உள்ள பாசி பச்சையா கீது. அம்மனே காட்டிட்டான்னு ஊரே கையெடுத்துக் கும்புட்டுச்சு. பாதி அவங்களுக்கு, பாதி எங்களுக்குன்னு பிரிச்சுக் குடுத்தாங்க. அதான் இது."

அவள் குரல் இறங்கியது. "நாளிக்கு குப்பத்து ஊர்க் கூட்டத்துல கேப்பாங்க. பதில் இல்லன்னா வெள்ளிக்கிழம காலையில தெப்பம் அத்தினியும் கரையேறணும். நாங்க வளக்கறது இன்னான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மேடம். என்ன நம்பிப் பதிமூணு பேரு வேலைய வுட்டு வந்துகிறாங்க."

பிரபாவதி டிபன் பாக்ஸையும் பாட்டிலையும் நுண்ணோக்கிப் பக்கம் எடுத்துப் போனார். புது பிளேடு ஒன்றை எடுத்து, இரண்டு பாசியிலும் ஒவ்வொரு இழையைக் குறுக்காக, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். நுண்ணோக்கியைச் சரிசெய்துவிட்டு ரஞ்சித்குமாரைக் கூப்பிட்டார்.

"நீ பாரு. என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு. யாரு திருடன்னு சொல்ல வேணாம்."

"கரைப் பாசி வளையலு மாதிரி கீது மேடம். சுத்தியும் ஒரே ஒரு வரிசை செல்லு, நடுவுல ஒண்ணுமே இல்ல. டிபன் பாக்ஸு பாசி உள்ள அடச்சிகினு கீது. ஓரத்துல சின்னச் செல்லு, நடுவுல பெருசு பெருசா." அவன் நிமிர்ந்தான். "ரெண்டும் வேற ஜாதி மேடம்! கேஸு முடிஞ்சுது!"

"ஊர்க் கூட்டத்துல முந்நூறு பேரு வரிசையில நின்னு நுண்ணோக்கியில பாப்பாங்களா? பாத்தாலும், அம்மன் காட்டினத நம்புவாங்களா, நாம காட்டறத நம்புவாங்களா?" பிரபாவதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது என்ன பாசின்னு தெரிஞ்சா பாதி வேலைதான் முடிஞ்சுது. சொம்புக்குள்ள ஏன் பச்சையாச்சு, கரைக்கு எங்கேர்ந்து வருது, இந்த ரெண்டும் தெரியணும். கிளம்பலாம்."

ஒத்தப்பனைக்குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஆடி மாதம் பிறக்க நாலு நாள் இருந்தது. கடல் தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. தெற்குக் கோடியில் தூண்டில் வளைவும் தெப்பங்களும். அதை ஒட்டி வடக்கே 'நீலக்கரை' என்கிற பெரிய விடுதி. விடுதிக்கும் வடக்கே குப்பத்தின் கரை. குப்பத்துக் கரையில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைக் குவியல்கள் வெயிலில் வெந்து நாறிக்கொண்டிருந்தன.

பிரபாவதி குவியலின் அருகே குந்தி உட்கார்ந்து, ஈரமாக இருந்த ஒரு பிடியை அள்ளிக் கடல் தண்ணீரில் அலசி உள்ளங்கையில் பரப்பினார். பச்சை நூல் போன்ற இழைகளுக்குள் காற்றுக் குமிழிகள் மணி கோத்ததுபோல நின்றன. பாறையிலோ கயிற்றிலோ ஒட்டிக்கொள்ளும் வேர் போன்ற அடிப்பகுதி ஒன்றில்கூட இல்லை. இழைகளுக்கு நடுவே ஒரு விரல்கடை நீளத்தில் காய்ந்த புல் துணுக்குகள் சிக்கியிருந்தன. அவற்றில் நாலைந்தைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து ரஞ்சித்குமாரிடம் கொடுத்தார்.

"புல்லு தின்னுகினு இருந்த மாடு வந்திருக்கும் மேடம்," என்றான் அவன்.

"மாடு கடிச்சா நுனி பிஞ்சிருக்கும். இது ரெண்டு பக்கமும் நேரா இருக்கு பாரு."

தேசிங்கு வலைக்கூடத்தில் இருந்தார். ஐம்பது வயது, கனத்த உடம்பு, பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது.

"இன்னாம்மா, அந்தப் பொம்பளைங்களுக்கு வக்காலத்தா?" என்றார். "எனக்கு அவங்க மேல பகை ஒண்ணும் கெடையாது. தெப்பம் கட்றப்ப நங்கூரக் கல்லு தூக்கிக் குடுத்தவனே நான்தான். ஆனா மூணு வாரமா எங்காளுங்க வலையில மீன் வுழல. பசங்க பேஜாரு பண்றானுங்க. எவன் பேச்சையும் நம்பாம அம்மன் கிட்ட வெச்சேன். அம்மன் சொல்லிட்டா. இதுக்கு மேல இன்னா?"

"நீங்க செஞ்சது சரிதான் அண்ணே. பூட்டு ரெண்டு போட்டதும் சரி," என்றார் பிரபாவதி. அவர் இப்படிச் சொன்னதில் தேசிங்குக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

கோயிலில் விளக்கேற்றுகிற அமிர்தவல்லியம்மாள் அந்தச் சொம்பை எடுத்துக் காட்டினார். பழைய பித்தளைச் சொம்பு, புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று இருந்தது.

"அன்னிக்குக் கேன் தண்ணிதாம்மா வாங்கி ஊத்தினேன். அம்மனுக்குக் கண்ட தண்ணிய ஊத்த முடியுமா?" என்றார் அவர். "காலையில தொறந்தா தண்ணியெல்லாம் செவந்து போயி கீது. குங்குமத்தக் கரச்ச மாதிரி. அம்மன் தன் கையால தொட்டுட்டான்னு எனக்கு ஒடம்பே சிலுத்துடுச்சு. அந்தத் தண்ணியத் தீர்த்தமா தெளிச்சிட்டோம்."

"குங்குமம் நீங்க போடலயா?"

"சொம்புல போட மாட்டோம். கதவு பூட்டிகினு இல்ல இருந்துச்சு?"

பிரபாவதி தலையாட்டிவிட்டு, தேசிங்கிடம் திரும்பி ஒரே ஒரு உதவி கேட்டார். இன்று சாயங்காலம் அவரே போய் ரெபேக்காளின் தெப்பத்திலிருந்து இன்னொரு கொத்து அறுத்து வர வேண்டும். அதை இரண்டாகப் பிரித்து இரண்டு சொம்பில் போட்டு அம்மன் முன்னால் வைக்க வேண்டும். ஒன்றில் அதே கேன் தண்ணீர். இன்னொன்றில் கடல் தண்ணீர். பூட்டுகள் வழக்கம்போல.

"அம்மனையே சோதிக்கறியா?" என்று தேசிங்கு புருவத்தை நெரித்தார்.

"இல்ல அண்ணே. நாம கேட்ட கேள்வி அவளுக்குச் சரியாப் போய்ச் சேந்துச்சான்னு பாக்கறேன்."

தேசிங்கு சொம்பை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

அங்கிருந்து தெப்பங்களைப் பார்க்கப் போனார்கள். கயிறுகளில் கஞ்சிப்பாசி செழித்துக் கிடந்தது. வேண்டாத பாசியை வாரம் ஒருமுறை பெண்கள் கையால் பறித்துவிடுவார்களாம். மூங்கிலிலோ கயிற்றிலோ ஒரு இழை பச்சை இல்லை. திரும்பும்போது ரஞ்சித்குமார் புதுச் சந்தேகத்தோடு வந்தான். கால்வாய்ப் பக்கம் சதாசிவம் என்பவருக்கு இறால் குட்டைகள் இருக்கின்றன, அந்தத் தண்ணீர்தான் என்று அடித்துச் சொன்னான். போய்ப் பார்த்தால் குட்டைகள் சித்திரையிலிருந்தே காய்ந்து வெடித்துக் கிடந்தன. இரண்டு எருமைகள் உள்ளே படுத்திருந்தன.

"எருமைங்க மேல கேஸு போட முடியாது," என்றார் பிரபாவதி. ரஞ்சித்குமார் அன்று அதற்குப் பிறகு அரைமணி நேரம் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு அது பெரிய சாதனை.

நீலக்கரை விடுதியின் முன்னால் கடற்கரை தட்டு துடைத்ததுபோல இருந்தது. பச்சை ஒரு துளி இல்லை. மணலில் சீப்பு வாரியதுபோல வரிவரியாகக் கோடுகள். அந்தக் கோடுகளைத் தாண்டி அலை ஓரமாக நடந்த ரஞ்சித்குமார் திடீரென்று ஒரு கல் குவியலுக்குப் பக்கத்தில் கணுக்கால் வரை புதைந்தான். காலை இழுத்தால் செருப்பு வரவில்லை. குனிந்து தோண்டி எடுத்தான். செருப்பு முழுக்கக் கறுப்புச் சேறு, அழுகல் வாடை.

"தூ, நாசமாப் போக!" என்று அலையில் கழுவப் போனான்.

"கழுவாத ரஞ்சித். அப்பிடியே பையில போடு," என்றார் பிரபாவதி.

ஒற்றைக் காலில் செருப்போடு விடுதிக்குள் நுழைவது எவ்வளவு அவமானம் என்பதை அவன் கண்ணாலேயே சொன்னான். அவர் கண்டுகொள்ளவில்லை.

மேலாளர் ஷ்யாம் முப்பத்திரண்டு வயது இளைஞன். கோயம்புத்தூர்க்காரன், நல்ல மரியாதை. இளநீர் வரவழைத்துக் கொடுத்தான். பச்சைப் பாசியால் தனக்கும் நஷ்டம்தான் என்றும், ஊருக்கு எழுதிய புகார்க் கடிதத்தில் தெப்பங்களைப் பற்றிக் குறிப்பிட்டது தான்தான் என்றும் மறைக்காமல் சொன்னான். நாளைய கூட்டத்துக்கும் அவனை அழைத்திருந்தார்கள்.

"எங்க பீச்ச தினமும் விடியறப்ப ட்ராக்டர் வெச்சுக் கிளீன் பண்ணிடறோம்ங்க மேடம். கெஸ்ட் நாத்தத்துக்கு வருவாங்களா? வெள்ளிக்கிழமையிலருந்து ஞாயிறு வரைக்கும்தான் கூட்டம். திங்கக்கிழமை ஃபுல்லா மெயின்டனன்ஸ்ங்க."

விடுதியின் நடுவில் இரண்டு ஏக்கருக்குக் கடல் தண்ணீர்க் குளம். சுற்றிலும் சரிவாகக் கொரியன் புல்வெளி, கம்பளம் விரித்ததுபோல. ஒருவன் இயந்திரத்தைத் தள்ளிப் புல் வெட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் வெள்ளை உரத்தைக் கையால் வீசிக்கொண்டிருந்தான். குளம் நீலமாக, அடி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"அழகா வெச்சிருக்கீங்க தம்பி," என்று சொல்லிப் பிரபாவதி படியில் இறங்கிக் கை கழுவினார். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே கல்சுவரில் காய்ந்த பட்டை ஒன்று ஓடியது. கழுவிய கையை முந்தானையில் துடைக்கும்போது அந்தப் பட்டையிலிருந்து ஒரு கிள்ளு அவர் கையில் வந்திருந்தது.

வியாழக்கிழமை நாலு மணிக்கு மீன் ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. ஒரு பக்கம் குப்பத்து ஆட்கள், இன்னொரு பக்கம் ரெபேக்காளும் அவள் குழுப் பெண்களும். அவர்களில் இளையவளான பிரிசில்லா ரெபேக்காளின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஷ்யாமுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மேசை. அமிர்தவல்லியம்மாள் துணி மூடிய இரண்டு சொம்புகளைக் கொண்டுவந்து வைத்தார். காலையில் எல்லார் முன்னாலும் பூட்டைத் திறந்தபோதும் துணியை எடுக்கக் கூடாது என்று தேசிங்கு சொல்லியிருந்தார்.

"தலைவரே எடுக்கட்டும்," என்றார் பிரபாவதி.

தேசிங்கு முதல் துணியை எடுத்தார். தண்ணீர் குங்குமம் கரைத்ததுபோலச் சிவந்திருந்தது. கையை விட்டுப் பாசியை எடுத்தார். பச்சை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "பாத்தியா, பாத்தியா" என்றார்கள். ரெபேக்காள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது துணியை எடுத்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது. பாசி, நேற்று அறுத்த அதே செங்கறுப்பு நிறத்தில், மினுமினுவென்று இருந்தது.

முன்வரிசை எழுந்து எட்டிப் பார்த்தது. தேசிங்கு இரண்டு கொத்தையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு மாறிமாறிப் பார்த்தார்.

"ஒரே கொத்துதான் இது. நான்தான் அறுத்தேன். நான்தான் பிச்சேன்," என்றார் தனக்குத்தானே.

"ஆமாண்ணே. வித்தியாசம் தண்ணி மட்டும்தான்," என்றார் பிரபாவதி. "இந்தப் பாசிக்குள்ள பச்சையும் இருக்கு, செவப்பும் இருக்கு. செவப்பு மேல நின்னு பச்சைய மறைக்குது. நல்ல தண்ணியில கிடந்தா பாசி செத்துடும். செத்ததும் அந்தச் செவப்பு தண்ணியில கரைஞ்சு எறங்கிடும். அமிர்தவல்லியம்மா குங்குமம்னு நெனச்சது அதைத்தான். மிச்சம் நிக்கறது பச்சை. கடல் தண்ணியில அது சாகறது இல்ல, செவப்பும் எறங்கறது இல்ல. உங்க கரையில ஒதுங்கறது கடல்லேர்ந்து வர்றது. அது எந்தக் கேன் தண்ணியில ஊறிட்டு வந்துச்சு?"

"அப்போ அம்மன் பொய் சொன்னாளா?" என்று ஒருவன் பின்னாலிருந்து கத்தினான்.

"அம்மன் பொய் சொல்லல," என்றார் பிரபாவதி, குரலை உயர்த்தாமல். "இந்தப் பாசிக்குள்ள என்ன நிறம் இருக்குன்னு காட்டினா. அது உண்மைதான். கரையில கிடக்கறது யாருன்னு நாமதான் அவகிட்ட கேக்கவே இல்ல. அத இப்போ நீங்களே பாக்கலாம். நுண்ணோக்கி வேணாம், வெரலு போதும்."

ரஞ்சித்குமார் இரண்டு தட்டுகளைக் கூட்டத்துக்குள் அனுப்பினான். ஒன்றில் கரையில் ஒதுங்கிய பச்சை, கடல் தண்ணீரில் மிதந்தபடி. இன்னொன்றில் சொம்பில் பச்சையான பாசி.

"ரெண்டையும் ஒரு பக்கம் புடிச்சு, கட்டைவெரலால நீவிப் பாருங்க," என்றார் பிரபாவதி.

முந்நூறு பேர் பாசியை நீவுகிற காட்சியை ரஞ்சித்குமார் அதற்கு முன் பார்த்ததில்லை. கரைப் பாசியை நீவியபோது உள்ளேயிருந்த காற்றுக் குமிழி விரலுக்கு முன்னால் ஓடியது, நுனியில் டப்பென்று வெடித்தது. சொம்புப் பாசி உருண்டையாக, கெட்டியாக, அப்படியே நின்றது.

"தோ பார்ரா, ஒண்ணு குழாயி மாதிரி கீது!" என்றான் அதே பின்வரிசைக்காரன். அவன் குரலில் இப்போது கோபம் இல்லை.

"குழாய்தான். இது பச்சைப் பாசிக் குடும்பம், பொறந்ததிலேர்ந்தே பச்சை. தெப்பத்துல இருக்கறது வேற குடும்பம். எத்தினி வருஷம் கடல்ல கிடந்தாலும் அது இதுவா மாறாது. இந்தக் குழாய்ப்பாசியிலயே பல வகை உண்டு. தண்ணிய வெச்சு உருவம் மாறும். சரியான பேர மரபணுவப் பாத்துத்தான் சொல்ல முடியும். அதுக்கு அனுப்பியிருக்கேன், ரெண்டு வாரம் ஆகும். ஆனா அது எங்க வளந்துச்சுன்னு சொல்ல ரெண்டு வாரம் வேணாம்."

அவர் ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார்.

"பாறையிலயோ கயித்துலயோ வளந்த பாசின்னா அடியில புடிமானம் இருக்கும். இதுல ஒண்ணுல கூட இல்ல. அலையே இல்லாத, தேங்கின உப்புத் தண்ணியில மெதந்து வளந்தது. இந்தக் கரையில அப்பிடி ஒரு இடம் எது? சதாசிவம் குட்டை காஞ்சு கிடக்கு. அடுத்தது, பாசிக்குள்ள சிக்கின இந்தப் புல்லு. ரெண்டு நுனியும் நேரா வெட்டினது. மெஷினால வெட்டற புல்வெளி இந்தக் கரையில எத்தினி இருக்கு? மூணாவது, ரஞ்சித்தோட செருப்பு."

ரஞ்சித்குமார் பெருமையோடு பையிலிருந்து செருப்பை எடுத்து வைத்தான். முன்வரிசை மூக்கைப் பொத்தியது.

"அலை அடிச்சுக் கழுவற மணல்ல கறுப்புச் சேறு இருக்க முடியாது. விடுதி முன்னால ஒரு கல் குவியலுக்குப் பக்கத்துல இருந்துச்சு. அந்தக் கல்லுக்குள்ளதான் குளத்துக் குழாயோட வாய் இருக்கணும். குளத்தோட அடிச்சேறு குழாய் வழியா வந்து தங்கினாதான் அப்பிடி இருக்கும். ரெபேக்காள், பச்சை ஒதுங்கினது என்னென்னிக்கு?"

"செவ்வாக்கிழம மேடம். மூணு வாட்டியும் எங்க குழு கூட்டத்தன்னிக்குத்தான்."

"வெள்ளியிலேர்ந்து ஞாயிறு வரைக்கும் விருந்தாளிங்க. திங்கக்கிழமை குளத்தக் காலி பண்ணிக் கழுவி, புதுத் தண்ணி நிரப்பினா, தெற்கேர்ந்து ஓடற கடல் செவ்வாய் காலையில அந்தப் பாசியக் குப்பத்துல கொண்டாந்து போடும். பாதி விடுதி முன்னாலயே ஒதுங்கும். அத விடியறப்பவே ட்ராக்டர் வாரிடும். அதனாலதான் பச்சை எங்க ஆரம்பிக்குதுன்னு யாருக்கும் தெரியல. குளத்துச் சுவத்துலேர்ந்து நான் கிள்ளினது இது. காஞ்சிருந்துச்சு, கடல் தண்ணியில ஊறவெச்சுப் பாத்தேன். இதுவும் அதே குழாய்ப்பாசி." அவர் ஷ்யாம் பக்கம் திரும்பினார். "தம்பி, புல்லுக்குப் போடற உரம் தண்ணியில எறங்கி இந்தப் பாசிக்குத்தான் சாப்பாடாகுது. நாலு நாள்ல ரெண்டு மடங்காகும். நான் சொன்னதுல தப்பு இருந்தா சொல்லுங்க."

ஷ்யாம் எழுந்து நின்றான்.

"தப்பு இல்லைங்க மேடம். ஜூன்ல குளம் பச்சையாயிடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள நீலமா இருக்கணும்னு மேல இருந்து சொன்னாங்க. கடல்ல இருந்து வந்த தண்ணி கடலுக்கே போவுதுன்னுதான் நெனச்சேன். முத வாரம் சத்தியமாத் தெரியாதுங்க." அவன் நிறுத்தினான். "ரெண்டாவது வாரம் தெரியும். எல்லாரும் தெப்பத்தச் சொன்னாங்க. நானும் கடிதம் எழுதிட்டேன்."

ரெபேக்காள் இரண்டு அடி முன்னால் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"தெரிஞ்சிகினே எழுதினியா சார்? நான் வளக்கறது பாசியா விஷமான்னு மூணு நாளா எனக்கே தெரியாம, சோறு எறங்காம உக்காந்துகினு இருந்தேன். உனக்கு நீலமா ஒரு குளம் வேணும், அதுக்கோசரம் நாங்க பதினாலு பேரும் கரையேறணுமா?"

ஷ்யாம் தலையைக் குனிந்துகொண்டான்.

தேசிங்கு தொண்டையைக் கனைத்தார். குளத்துத் தண்ணீரை வெளியேற்றும் குழாயை இன்றைக்கே ஊரார் முன்னிலையில் கல் வைத்து அடைக்க வேண்டும், கடிதத்தைத் திரும்ப எடுத்து உண்மையை எழுதித் தர வேண்டும், கரையில் கிடக்கிற குவியலை அவர்கள் ட்ராக்டரே வந்து வார வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ஷ்யாம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு தேசிங்கு ரெபேக்காளைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் தப்பு என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், மறுபடி பிரித்தார்.

"ஊரு உன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்மா," என்றார்.

"மன்னிப்பெல்லாம் வேணாண்ணே. அறுத்து வுட்ட தெப்பம் எங்க கீதோ தெரியல. அத கண்டுபுடிச்சுக் குடுங்க."

அறுத்தவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் தேசிங்கு திரும்பிப் பார்ப்பதற்குள் நாலு பையன்கள் எழுந்து படகுத் துறையை நோக்கி நடந்துவிட்டார்கள். பொழுது இன்னும் இருந்தது. வடக்கே தண்ணீர் ஓடுகிற வழியில் தேடினால் கோவளத்துக்குள் கிடைத்துவிடும் என்றார்கள்.

"நான் அந்த மேனேஜரத்தான் மொதல்லயே சந்தேகப்பட்டேன் மேடம்," என்றான் ரஞ்சித்குமார், செருப்பை ஒரு வழியாகக் கழுவிக்கொண்டே.

"எருமைங்க கேட்டா சிரிக்கும்," என்றார் பிரபாவதி.

ஏலக்கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. அமிர்தவல்லியம்மாள் மட்டும் மேசையருகே நின்று சொம்பைப் பார்த்தபடி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதில் கேன் தண்ணீர் ஊற்றியது தன் கைதான் என்பது அவரை அரித்துக்கொண்டிருந்தது. நல்லது என்று நினைத்துத்தான் ஊற்றினார், அதில் சந்தேகமில்லை. தேசிங்கு பக்கத்தில் வந்து நின்றார்.

"அடுத்த வாட்டி இன்னா பண்றது அண்ணாத்த?" என்று அமிர்தவல்லியம்மாள் கேட்டார்.

தேசிங்கு யோசிக்கவே இல்லை. சொம்பிலிருந்த சிவந்த தண்ணீரைக் கீழே கொட்டினார். மணலில் இறங்கி நடந்தார். முழங்காலளவு தண்ணீரில் நின்று, வந்த அலையில் சொம்பை முக்கி எடுத்தார்.

"கடல்லேர்ந்து வர்றது கடல் தண்ணியிலயே நிக்கட்டும்," என்று சொல்லி, நிறைந்த சொம்பைக் கொண்டுவந்து அமிர்தவல்லியம்மாள் கையில் கொடுத்தார்.